சான்றிதழும் எண்ணும்

சைப்ரஸின் தலசீமியா, புரூக்ளின் மரபுவழி யூதர்களின் டே-சாக்ஸ் ஆகிய இரண்டு மரபு நோய்களும் தாய், தந்தை இருவழியிலும் வந்தால்தான் பிள்ளையைத் தாக்கும். இரண்டையும் தடுக்க மரபியல் புகுந்த வாசலும் ஒன்றே: கல்யாணம். அந்த வாசலில் மருத்துவரோடு மதத் தலைவரும் நின்றார்.

சைப்ரஸின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, 1983 முதல் மணமக்களிடம் தலசீமியா பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறது. அதே 1980களில், நான்கு பிள்ளைகளை டே-சாக்ஸுக்குப் பறிகொடுத்த ரபி ஜோசப் எக்ஸ்டைன், புரூக்ளினில் ‘டோர் யெஷோரிம்’ அமைப்பைத் தொடங்கினார்.

சைப்ரஸ் சான்றிதழில் முடிவு இருக்காது. சோதனையும் ஆலோசனையும் முடிந்தன என்பது மட்டும் இருக்கும். முடிவு மணமக்களுக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியாது. புரூக்ளினிலோ சோதித்துக்கொண்டவருக்கே முடிவு தெரியாது. கையில் ஓர் எண் மட்டும். சம்பந்தப் பேச்சு எழுந்ததும் இருவர் எண்ணையும் சொல்லிக் கேட்டால், பொருந்துமா பொருந்தாதா என்று பதில் வரும். ஏறக்குறைய நம் ஜாதகப் பொருத்தம்தான். ஆனால் கட்டம் யார் கண்ணிலும் படாது. ஆக, இரு திட்டங்களுமே ஒருவரிடம் ஒன்றை மறைத்துத்தான் நம்பிக்கையைப் பெற்றன.

மறைக்கும் இடம் ஏன் மாறியது? எண்ணிக்கையில் ஒரு விடை கிடைக்கிறது. சைப்ரஸில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தலசீமியாவின் மரபுக்கூறைச் சுமக்கிறார். உறவில் ஒருவருக்காவது இருக்கும்போது அதில் வெட்கப்பட இடம் குறைவு. புரூக்ளின் மரபுவழி யூதர்கள் சார்ந்த அஷ்கெனாசி பிரிவில் டே-சாக்ஸ் கூறைச் சுமப்பவர் சுமார் முப்பதில் ஒருவர். விஷயம் வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் அங்கே உண்டு.

அதே கணக்கு அடுத்த கட்டத்தையும் விளக்குகிறது. சைப்ரஸில் ஏறத்தாழ 49 இணைகளில் ஒன்றில் இருவருமே கூறைச் சுமப்பார்கள்; புரூக்ளினில் டே-சாக்ஸுக்கு அது 900இல் ஒன்று. பொருந்தாத வரனை விட்டு வேறு வரன் தேடுவது புரூக்ளினில் எளிது. சைப்ரஸிலோ காதலித்து நிச்சயமும் முடிந்த பிறகு முடிவு வருவதுண்டு; ஆபத்துள்ள இணைகளில் பெரும்பாலோர் மணந்துகொண்டு, கருவிலேயே சோதித்துப் பார்க்கும் வழியை நாடினர். கருக்கலைப்பை ஏற்காத திருச்சபை, பாதிக்கப்பட்ட கருவைக் கலைப்பதா என்ற முடிவில் தலையிடாமல் ஒதுங்கியது. அதே தயக்கமுள்ள ரபி, அந்தக் கேள்வியே எழாதபடி சோதனையை முன்னுக்கு இழுத்தார்.

இழப்பும் இரு பக்கமும் உண்டு. சைப்ரஸில் முடிவின் சுமை கர்ப்பிணியின் தலையில் விழுகிறது. புரூக்ளினில் தன் உடலைப் பற்றிய செய்தி தனக்கே மறுக்கப்படுகிறது. பலன் மட்டும் ஒத்துப்போகிறது: இரு சமூகங்களிலும் அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாகிவிட்டனர்.

எனவே, ஓரிடத்தில் வென்ற திட்டத்தை வேறிடத்துக்கு அப்படியே பெயர்க்க நினைப்பவர் ஆய்வுக்கூடத்துக்கு முன்பாக இரண்டைக் கணக்கிட வேண்டும்: கூறைச் சுமப்பவர் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் சம்பந்தம் செய்யத் தயங்குபவர் எத்தனை பேர்.