ராஜா இல்லாத சமாதி

ஃபேரர் பார்க்கிலிருந்து ரயிலில் ரெண்டே நிறுத்தம், டோபி காட். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஃபோர்ட் கேனிங் குன்று. நம்மில் பாதிப் பேர் கச்சேரிக்கோ கல்யாண போட்டோவுக்கோதான் அங்கே போயிருப்போம். மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் புக்கிட் லாராங்கான், ஏறக் கூடாத குன்று. பழைய ராஜாக்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, 1819இல் ஆங்கிலேயர்கள் வந்தபோது உள்ளூர்க்காரர்கள் மேலே போக மறுத்தார்கள். ராஃபிள்ஸ் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்.

1822 பிப்ரவரியில் ஜான் க்ராஃபர்ட் அந்தக் குன்றைச் சுற்றிப் பார்த்து ஒரு குறிப்பு எழுதினார். என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது அதுதான். செங்கல் இடிபாடுகள், பழைய சீனக் காசுகள், என்றோ யாரோ நட்டு வளர்த்த பழமரங்கள். ஒரு மேடையில் துளையிட்ட மணற்கற்கள். அது வழிபாட்டு இடமாக இருந்திருக்கும் என்பது அவர் ஊகம். இன்னொரு மேடையில் இஸ்கந்தர் ஷாவின் சமாதி. அதன்மேல் புதிதாக ஒரு கொட்டகை. முஸ்லிம்கள், இந்துக்கள், சீனர்கள் மூவருமே வந்து கும்பிடுகிறார்கள் என்கிறார்.

இதில ஒரு சிக்கல் இருக்கு. 'செஜாரா மெலாயு' சொல்கிறபடி இஸ்கந்தர் ஷா, சிங்கப்பூர் வீழ்ந்ததும் தப்பிப்போய் மலாக்காவை நிறுவியவர். அவர் உடல் எதற்கு இங்கே வரப்போகிறது? அது அவர் சமாதிதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. 1859இல் கோட்டை கட்டுவதற்காக உச்சியை வெட்டிச் சமப்படுத்தினார்கள். க்ராஃபர்ட் பார்த்த துளைக்கற்கள் இன்று இல்லை. அதே குன்றில் 1865 வரை கிறிஸ்தவர்களைப் புதைத்தார்கள். பேரும் தேதியும் தெளிவாகப் பொறித்த அந்தக் கற்களில் மிஞ்சியவை இப்போது சுவரில் பதிந்திருக்கின்றன. கீழே வெறும் புல்வெளி. யாருடையது என்றே நிச்சயமில்லாத சமாதிதான் சமாதியாகவே நிற்கிறது. கும்பிட ஆள் இருந்ததைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

1928இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியவர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. காலா முகம் பொறித்த கைவளை ஒன்று, 14ஆம் நூற்றாண்டு ஜாவா பாணி. அடிவாரத்தில் இருக்கும் தேசிய அரும்பொருளகத்தில் அதைப் பார்க்கலாம். 1984இல் ஜான் மிக்சிக் அந்தச் சமாதிக்குப் பக்கத்தில்தான் அகழ்ந்தார். குலையாத 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கும் சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. ராஃபிள்ஸுக்கு ஐந்நூறு வருடம் முன்பே இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்குக் கையில் பிடிக்கிற சான்று. ஏற மறுத்தவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே! இன்று அகழ்ந்த இடத்துக்கு மேல் கூரை போட்டு, பக்கத்தில் விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள்.

பலகைகளைவிட என்னை அரிப்பது க்ராஃபர்ட் எழுதிய அந்த 'இந்துக்கள்'. யார் அவர்கள்? வங்காளச் சிப்பாய்களா, 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையைப் போன்ற தமிழர்களா? சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் எழுந்தது 1827இல். அதற்கு முந்தைய சில வருடங்கள், கடல் தாண்டி வந்த நம்மாள் ஒருவர் விளக்கேற்ற இடம் தேடி இந்த மேட்டில் ஏறியிருக்கலாம். ஊகம்தான். அங்கே அடங்கியிருப்பது யார் என்று அவரும் விசாரித்திருக்க மாட்டார்.