ரிபன் கேக்கின் மூன்று நிறங்கள்

அண்மையில் அக்காவின் மகள் கனடாவிலிருந்து தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, என்ர முதலாவது பிறந்தநாளுக்கு அம்மம்மா செய்த கேக் என்ன நிறம்?"

அந்தப் பிறந்தநாள் 1993ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எமது வீட்டில் நடந்தது. அன்றைய படம் ஒன்றுகூட எம்மிடம் இல்லை. கமரா இருந்தது, படச்சுருள் கிடைக்கவில்லை. அம்மாவும் இப்போது இல்லை. எனவே பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. ஆனால் அந்த நிறங்களைச் சொல்வதற்கு முன், அந்தக் கேக் எமது குசினிக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லியாக வேண்டும்.

இலங்கையில் ரிபன் கேக் அறியாத வீடுகள் குறைவு. ஒரே மாக்கலவையைப் பங்கிட்டு, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் எனச் சாயமூட்டி, தனித்தனித் தட்டுகளில் வேகவைத்து, இடையிடையே பட்டர் ஐசிங் பூசி அடுக்குவார்கள். வெட்டிய துண்டு, நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல் தோன்றும். பிறந்தநாள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மாவைப் போறணையில் வேகவைக்கும் வழக்கம் எமக்குப் போர்த்துக்கேயருடன் வந்தது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்கள் வசமாயிற்று. பாண், விசுக்கோத்து, போறணை, குசினி ஆகிய சொற்கள் அவர்களுடைய மொழியிலிருந்து எமது பேச்சில் தங்கிவிட்டவை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் சின்னஞ்சிறு கேக்கைக் குறிக்கும் சொல்லே, இன்று நாம் அச்சில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸ் பலகாரத்தின் பெயராக நிற்கிறது. 1796இல் வந்த ஆங்கிலேயர் மா, சீனி, பட்டர், முட்டை நான்கையும் ஒவ்வோர் இறாத்தலாகச் சேர்க்கும் கேக்கைக் கொண்டுவந்தனர்.

அதற்கு நிறம் சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1843இல் அல்பிரட் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் ஈஸ்ட் சேர்க்காமலே மாவைப் பொங்கவைக்கும் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1856இல் வில்லியம் பேர்கின், பதினெட்டு வயதில், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு ஊதாச் சாயம் ஒன்றைத் தயாரித்தார். துணிகளுக்காகத் தோன்றிய அத்தகைய செயற்கைச் சாயங்களின் வழியில் வந்தவையே பின்னாளில் சிறு போத்தல்களில் அடைபட்டு உணவுக்கும் வந்தன. கொழும்பில் 1929இல் 'சிலோன் டெயிலி நியூஸ்' சமையல் நூல் வெளிவந்தபோது, கேக் சுடுவது இலங்கையின் நடுத்தர வீடுகளில் ஒரு வித்தையாக வேரூன்றத் தொடங்கியிருந்தது.

இவற்றுள் மா, பட்டர், சாயம் பெரும்பாலும் கப்பலில் வரவேண்டியவை. ஆகவே கப்பலுக்கு நேர்ந்தது கேக்குக்கும் நேர்ந்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பாணுக்கு வரிசை, சீனிக்குக் கூப்பன். அக்காலத்தில் பிறந்தநாளுக்கு ரவைக்கேசரி கிண்டியதாக அம்மா சொல்லுவார். 1977இன் பின் சந்தை திறந்தது; சாயப்போத்தல்களும் திரும்பி வந்தன.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து எனப் பல பொருட்கள் தடுக்கப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி விளக்கெரித்தோம். நாளிதழ்கள் கோடு போட்ட கொப்பித்தாளிலும் அச்சாகின.

அந்த நாட்களில்தான் பேத்திக்கு ரிபன் கேக் செய்வது என்று அம்மா முடிவெடுத்தார். வீண் வேலை என்றேன். "பிள்ளைக்கு முதலாவது வருசம் ஒருக்காத்தான் வரும்" என்றார்.

முட்டை வீட்டுக் கோழியினது. பட்டருக்குப் பதில் வீட்டுப் பசுவின் நெய். மாவும் சீனியும் பல வாரங்களாகச் சேமித்தவை. போறணைக்குப் பதிலாக ஒரு பெரிய சருவம்: அடியில் மணல், மணலின்மேல் கேக் தட்டு, மூடியின்மேல் சிரட்டைத் தணல். ஒரு நேரத்தில் ஒரு தட்டுத்தான் கொள்ளும். கலவை காத்திருந்தால் பொங்காது என்பதால், ஒவ்வொரு பங்குக்கும் அதன் முறை வந்தபோதே அப்பச்சோடாவையும் சிறிது தேசிப்புளியையும் சேர்த்தார். வெந்துவிட்டதா என்று ஈர்க்கினாற் குத்திப் பார்த்தார்.

சாயம்தான் சிக்கல். பீற்றூட் சாறு கலந்து சிறு கிண்ணத்தில் பரீட்சித்தார். உள்ளே போகும்போது அழகிய இளஞ்சிவப்பு; வெளியே வந்தபோது மண்ணிறம். பின்னர் ஒரு பங்குக்கு மஞ்சள் கலந்தார். மற்றொன்றுக்கும் மஞ்சளையே கலந்து, தேசிப்புளியை விட்டு, சோடாவைச் சற்றுக் கூட்டினார். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆலாத்தி நீர் சிவக்குமல்லவா? சோடாவும் சுண்ணாம்பைப்போல் காரத்தன்மை கொண்டது. அம்மா இரசாயனம் படித்தவர் அல்லர், ஆலாத்தி கரைத்தவர். மூன்றாவது பங்கைச் சாயமின்றி விட்டார். ஐசிங்குக்கு வழியில்லை, பனங்கட்டிப் பாகைத் தடவி அடுக்கினார்.

அன்று இரவு, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அதை வெட்டினோம். சிவப்பு அடுக்கில் சோடாவின் கசப்பு சற்று இருந்தது. யாரும் சொல்லவில்லை. அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன், அடுக்குகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தின்றான்.

அக்காலத்தில் நான் செய்தியாளன். குண்டுவீச்சுகளையும் இடப்பெயர்வுகளையும் கொப்பித்தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். எமது குசினியில் நடந்ததை ஒரு வரிகூட எழுதவில்லை. அது செய்தியென்று எனக்குத் தோன்றவில்லை. இன்று அந்தக் காலத்தைப்பற்றி என்னிடம் வந்த கேள்வி அந்தக் குசினியைப் பற்றியது.

மருமகளுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: கீழே மஞ்சள், நடுவில் வெள்ளை, மேலே செம்மண் நிறம். அவள் தன் மகளின் பிறந்தநாளுக்கு அதே நிறங்களில் செய்யப்போகிறாளாம். சோடாவை மட்டும் கூட்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.