தூணைச் சுற்றிய வளையம்: துளைப்பு வெட்டுச் சரிபார்ப்பின் வரலாறு

உத்தரங்கள் இல்லாமல் தூண்களின் மேல் நேரடியாக அமரும் கான்கிரீட் தளத்தைத் தட்டைத்தளம் என்பர். இத்தளத்தின் சுமை முழுவதும் தூண் தலையைச் சுற்றிய குறுகிய பகுதி வழியாகவே இறங்குவதால், அங்கே கனம் போதாவிட்டால் கான்கிரீட் கூம்பு வடிவில் பிளந்து, தூண் நிற்கத் தளம் மட்டும் கீழே சரிகிறது. பொறியாளர்கள் பஞ்சிங் ஷியர் என வழங்கும் துளைப்பு வெட்டு இதுவே. வளைவினால் நலியும் தளம் தொய்ந்தும் விரிசல் விட்டும் முன்கூட்டியே எச்சரிக்கும். துளைப்பு வெட்டோ பெரும்பாலும் அத்தகைய அவகாசம் தருவதில்லை.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1906-இல் எழுந்த ஜான்சன்-போவி கட்டடத்தில் சி. ஏ. பி. டர்னர் தட்டைத்தளத்தைக் கையாண்டார். சுவிட்சர்லாந்தில் ராபர்ட் மையார் 1908-இல் சோதனைகள் நடத்தி, 1910-இல் சூரிச் நகரில் ஒரு கிடங்கை இம்முறையில் கட்டினார். இருவருமே தூணின் உச்சியைக் காளான் போல் விரித்து அமைத்ததால் சுமை அகன்ற பரப்பில் பகிர்ந்துகொள்ளப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சென்ட்ரிங் செலவைக் குறைக்கவும் கூரையைச் சமதளமாக வைத்துக்கொள்ளவும் அந்த விரிந்த தலை பரவலாகக் கைவிடப்பட்டபோதுதான், மெலிந்த தளமும் குறுகிய தூணும் சந்திக்கும் இடம் வடிவமைப்பின் முதன்மைக் கவலையாயிற்று.

அக்கவலைக்கு விடை தேடும் சோதனைகள் முன்னரே தொடங்கியிருந்தன. இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் டால்பாட் தூண் அடித்தளங்களை உடையும்வரை ஏற்றிப் பார்த்து 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். 1956-இல் எல்ஸ்ட்னரும் ஹோக்னெஸ்டாடும் தளங்களையே சோதித்தனர். 1960-இல் ஸ்டாக்ஹோமில் கின்னுனென், நைலாண்டர் ஆகியோர் உடைவின் இயக்கத்தை விளக்கும் கோட்பாட்டை முன்வைத்தனர். 1961-இல் யொஹான்னஸ் மோவின் ஆய்வு வெளிவந்தது. இவற்றை எடைபோட்ட அமெரிக்கக் குழுவொன்று, தூண் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தில், அதாவது தளத்தின் அடிப்பரப்பிலிருந்து மேல்கம்பியின் மையம் வரையுள்ள ஆழத்தில், பாதித் தொலைவில் ஒரு கற்பனைச் சுற்றளவை வரைந்து வெட்டுத் தகைவைக் கணக்கிட வேண்டும் என 1962-இல் பரிந்துரைத்தது. இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 இன்றும் அதே தொலைவைக் கொள்கிறது. ஐரோப்பிய விதியின் 2004-ஆம் ஆண்டுப் பதிப்போ அச்சுற்றளவை ஆழத்தின் இருமடங்குத் தொலைவில் வைத்தது.

விதி நூலில் இடம்பெற்றதனால் மட்டும் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஃபுளோரிடாவின் கோகோ பீச்சில் ஹார்பர் கே என்னும் ஐந்து மாடிக் கட்டடம், கூரைக் கான்கிரீட் போடும்போது 1981 மார்ச் 27 அன்று இடிந்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். வடிவமைப்பில் துளைப்பு வெட்டு சரிபார்க்கப்படவே இல்லை என்பதும், மேல்கம்பிகளைத் தாங்கிய ‘சேர்கள்’ 4¼ அங்குல உயரமே இருந்ததால் பயனுறு ஆழம் குறைந்திருந்தது என்பதும் விசாரணையில் தெரியவந்தன.

இன்று சேஃப், ஈடேப்ஸ் போன்ற மென்பொருள்கள் இச்சரிபார்ப்பை நொடிகளில் முடித்து, தேவைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு தூணுக்கும் காட்டுகின்றன. எனினும் தளத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணக்கிடும்போது, தூணைப் புள்ளியாகக் கொண்டால், கூறுகள் சிறுத்துக்கொண்டே போகப் போக அப்புள்ளியில் தகைவும் எல்லையின்றி உயர்கிறது. ஆகவே அவை அம்மதிப்பை நேரடியாக எடுத்துக்கொள்ளாமல், தூணுக்குச் செல்லும் விசையையும் திருப்புத்திறனையும் பெற்று, விதி கூறும் சுற்றளவிலேயே பொருத்துகின்றன. அச்சுற்றளவு பயனுறு ஆழத்தைப் பொறுத்தது. 400 மி.மீ. சதுர உட்தூணும் எம்25 கான்கிரீட்டும் கொண்ட தளத்தில் ஆழம் 170 மி.மீ. எனில், இந்திய விதிப்படி, திருப்புத்திறனைச் சேர்க்காமல், தாங்கும் திறன் ஏறத்தாழ 484 கிலோநியூட்டன். கம்பி 25 மி.மீ. தாழ்ந்து அமைந்தால் அது சுமார் 395 ஆகிறது, அதாவது 18 விழுக்காடு இழப்பு.

மென்பொருள் அந்த 170-ஐப் பொறியாளர் இட்டபடியே நம்புகிறது. தூணை ஒட்டிக் குழாய்க்காகப் பின்னர் வெட்டப்படும் துளையையும், அதை மாதிரியில் சேர்த்தால் அல்லாது, அது அறியாது. எனவே திரையில் தெரியும் விகிதத்தை ஏற்கும் முன், வரைபடத்தில் உள்ள ஆழத்தையும் களத்தில் கட்டப்பட்ட கம்பியின் உயரத்தையும் அளந்து பார்ப்பது சரிபார்ப்பின் பிரிக்க முடியாத பகுதியாகும். இதையே ஹார்பர் கே விசாரணை கற்பிக்கிறது.