ஆராபாரி: மறுதாம்பு விட்ட காடும் கால் பங்கும்

காடு, மக்கள், அரசாங்கம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நேரே இமயமலைக்குப் போய்விடுவார்கள். சிப்கோ, மரத்தைக் கட்டிப்பிடித்த பெண்கள், அத்தோடு சரி. பாடப் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்திய அரசாங்கம் தன் வனக் கொள்கையையே மாற்றிக்கொள்ளக் காரணமான இன்னொரு இடம் இருக்கிறது. மேற்கு வங்காளத்தில், மேதினிப்பூர் நகரத்துக்கு வடக்கே இருக்கும் ஆராபாரி. அங்கே யாரும் மரத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. அதனால்தானோ என்னவோ நமக்குப் பெயர்கூடத் தெரிவதில்லை. கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மரத்தைப் பற்றி. அந்தப் பக்கத்துக் காடு முழுக்கச் சால் மரம். ராமன் ஒரே அம்பில் ஏழு மரங்களைத் துளைத்தான் இல்லையா, வால்மீகியில் அது சாலம், கம்பனில் மராமரம். அதே மரம்தான். செம்புரை மண்ணில், வேறு பயிர் நன்றாக வராத மேட்டு நிலத்தில், நேராக வளரும். இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெட்டினால் சாகாது. கரும்பை வெட்டிய பிறகு கட்டையிலிருந்து மறுதாம்பு வருகிற மாதிரி, சால் அடிக்கட்டையிலிருந்தும் துளிர் கிளம்பும். வேர் உயிரோடு இருந்து, ஆடு மாடும் கோடாலியும் சில வருடம் தள்ளி நின்றால் போதும், நாற்று நடாமலேயே காடு திரும்பிவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கம்பெனி காலத்தில் அந்தப் பகுதிக்கு ஜங்கிள் மஹால் என்று பெயர். சந்தால், பூமிஜ், லோதா, மஹதோ ஜனங்கள் காட்டிலும் காட்டோரத்திலும் இருந்தார்கள். நில வரியை ஏற்றியபோது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பெரிய கலகமே நடந்தது. சுவார் கலகம் என்று வெள்ளைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம் 19ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் கரக்பூர் பக்கம் ரயில் வந்தது. ரயில் வந்தால் தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டை வேண்டும், சால் மரத்தை விட்டால் அதற்கு நல்ல மரம் ஏது? ஜமீன்தார்கள் காட்டைக் கூப்புக் கூப்பாக விற்றார்கள். பெரிய மரம் போனது, பிறகு நடுத்தர மரம், பிறகு கம்பு. சுதந்திரம் வந்து 1953ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டபோது காடு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மொட்டையடித்த பிறகு வந்தது என்பதுதான் வேடிக்கை. ஜமீன் காலத்தில் ஏதோ ஒரு வழக்கமாகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டும் மாடு மேய்த்துக்கொண்டும் இருந்தவர்கள், இப்போது காக்கிச் சட்டை முன்னால் திருடர்கள் ஆனார்கள்.

திருடாமல் இருக்கவும் முடியாது. அந்த மண்ணில் மழையை நம்பி வருடத்துக்கு ஒரு நெல். அறுவடை முடிந்தால் வேலை கிடையாது. சொந்த நிலம் இல்லாத வீட்டில் பெண்கள் காட்டில் விறகு வெட்டித் தலையில் சுமந்து நகரத்தில் விற்றால் அன்றைக்கு உலை கொதிக்கும். துளிர் விட்ட கம்பு கட்டைவிரல் தடிமன் வருவதற்குள் அடுத்த வெட்டு. காடு புதராகவே நின்றது.

1970களின் தொடக்கத்தில் அங்கே வந்தவர் அஜித் குமார் பானர்ஜி. வனத்துறையில் மரவளர்ப்பு ஆராய்ச்சி அதிகாரி. அதாவது மரம் எப்படி வளர்கிறது என்று சோதனைத் தோட்டம் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. சோதனை மரங்களையே ஊர்க்காரர்கள் வெட்டிக்கொண்டு போனால் என்ன ஆராய்ச்சி செய்வது? வழக்கமான வழி, இன்னும் நாலு காவலாளி கேட்டு மேலிடத்துக்கு எழுதுவது. அவர் அதைச் செய்யாமல் ஊருக்குள் போய்ப் பேசினார். விறகு விற்று உங்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது, எந்த மாதத்தில் வேலை இல்லை என்று கேட்டார். அந்தக் கூலியை வனத்துறை வேலையிலேயே, அதுவும் வயல் வேலை இல்லாத மாதங்களில், கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டார். 1972ல் 1,272 எக்டேர் காட்டில், 11 கிராமங்களின் 618 குடும்பங்களோடு வேலை தொடங்கியது. வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்கு சுமார் 2 எக்டேர், நம் கணக்கில் 5 ஏக்கர்.

கூலி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு வாக்கு. நீங்கள் காட்டைக் காத்தால், சால் கம்பும் முந்திரியும் விற்கும் காலத்தில் வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு. விழுந்த சுள்ளி, புல், காளான், இலை எல்லாம் உடனே எடுத்துக்கொள்ளலாம்.

இதில் நான் வியப்பது 25 என்ற எண்ணை அல்ல. அந்த வாக்குக்குப் பின்னால் அரசாணை எதுவும் இல்லை. அந்தக் கால் பங்குக்கு மாநில அரசு முறையான ஒப்புதல் கொடுத்தது 1987ல். பதினைந்து வருடம்! அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், ஆட்சியும் மாறும் (1977ல் மாறியது), இவர்கள் மட்டும் ஒரு மனிதர் சொன்ன வார்த்தையை நம்பி, வெட்டினால் இன்றைக்கே காசாகும் மரத்தை வெட்டாமல் காத்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் வெட்ட வந்தால் அவனோடு சண்டை போட்டார்கள். ஏழைகளுக்குத் தொலைநோக்கு கிடையாது, இன்றைய சோறுதான் தெரியும் என்று பேசுகிறவர்கள் இந்த 15 வருடத்தை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

காடு திரும்பியது. ஒன்றுக்கும் உதவாது என்று எழுதிவைத்த அந்தக் காட்டின் மதிப்பு 1983ல் பன்னிரண்டரைக் கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். செய்தி பரவி, பக்கத்து ஊர்களும் தாங்களாகவே காவல் போட ஆரம்பித்தன. 1988ல் வந்த தேசிய வனக் கொள்கை, காட்டு ஜனங்களின் தேவையே காட்டு விளைச்சலின் மீது முதல் உரிமை என்ற அளவுக்கு இறங்கி வந்தது. 1989 ஜூலையில் மேற்கு வங்கம் தென்மேற்கு மாவட்டங்களுக்கெல்லாம் வனப் பாதுகாப்புக் குழு ஆணையைப் போட்டது. 1990 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. கூட்டு வன மேலாண்மை என்று நாம் படிப்பது இதைத்தான். பின்னால் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் குழுக்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1997ல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கி, கிராம வனக் குழுக்கள் அமைத்ததும் இதே வழியில்தான்.

காட்டோடு சேர்ந்து இன்னொன்றும் திரும்பியது. யானை! 1987 வாக்கில் ஜார்க்கண்ட் பக்கத்துத் தல்மா மலையிலிருந்து யானைக் கூட்டங்கள் மேதினிப்பூர் வரை இறங்கி வரத் தொடங்கின. மறைவுக்குக் காடு, பக்கத்திலேயே முற்றிய நெல், யானைக்கு வேறு என்ன வேண்டும்? காட்டைக் காத்த அதே குடும்பங்களின் வயலும் வீடும் மிதிபட்டன. கால் பங்கு கணக்கில் இந்த நஷ்டத்துக்கு வரி எதுவும் இல்லை.

இனி கசப்பான பகுதி. சால் கம்பு விற்பனைக்கு வரப் பத்து வருடம் போல ஆகும். செலவைக் கழித்து, மீதியில் கால் பங்கை எடுத்து, அதையும் நூறு வீட்டுக்குப் பிரித்தால் கையில் வருவது பெரிய தொகை அல்ல. உண்மையில் வீட்டை நடத்தியது தினப்படி கிடைத்தவைதான். சால் இலையை ஈர்க்குச்சி கொண்டு தைத்து விற்கும் தையல் இலை (நம்மூரில் மந்தார இலையில் தைப்பார்களே, அதே மாதிரி), இலுப்பைப் பூ, பீடி இலை, மழைக்காலக் காளான். இதெல்லாம் பெரும்பாலும் பெண்கள் கை வேலை. ஆனால் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தது ஆண்கள். காட்டை மூடுவது என்று அவர்கள் முடிவெடுத்தால், மறுநாள் விறகுக்கு இன்னும் தூரம் நடப்பது பெண்கள். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் இதை இந்தியாவிலும் நேபாளத்திலும் ஊர் ஊராக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நிர்வாகக் குழுவில் பெண்கள் கணிசமாக இருந்த இடங்களில் காடு நன்றாகவே தேறியது என்பது அவருடைய முடிவு.

இன்னொரு பிரச்சினை அடிப்படையானது. அந்த 1989 ஆணைப்படி குழுவின் செயலாளர் வனத்துறை ஊழியர். குழு சரியில்லை என்று துறை நினைத்தால் கலைத்துவிடலாம். துறை சரியில்லை என்று குழு நினைத்தால்? அதற்கு வழி இல்லை. பேர் மட்டும் கூட்டு. பானர்ஜி போல ஒருவர் இருந்தால் வண்டி ஓடும், இல்லாவிட்டால் காவல் வேலையைக் கூலி இல்லாமல் ஊர்க்காரர்கள் தலையில் கட்டியது போல ஆகிவிடும். நேபாளத்தில் 1993 வனச் சட்டம் இதைவிட ஒரு படி மேலே போனது. நிலம் அரசாங்கத்துடையதாக இருந்தாலும், காட்டைப் பயனாளர் குழுவிடம் ஒப்படைத்து, விற்று வரும் பணத்தைக் குழுவின் சொந்த நிதியில் போட விட்டார்கள்.

இங்கே அந்தப் படி ஏற 2006 வரை ஆயிற்று. அந்த வருடம் வந்த வன உரிமைச் சட்டம் பங்கு என்று பேசவில்லை, உரிமை என்று பேசியது. காட்டைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. மூங்கிலும் சிறு வன மகசூல், அதை விற்கும் உரிமையும் மக்களுக்கு. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை காரணமாக 2016 வரை பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது, அது தனிக் கதை.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு கிராமம். ஒருமித்த முடிவு வரும்வரை உட்கார்ந்து பேசுவது அந்த ஊர்ச் சபையின் வழக்கம். 2009ல் சுமார் 1,800 எக்டேர் காட்டுக்கு அந்தச் சபைக்குச் சமூக உரிமை கிடைத்தது. நாட்டிலேயே முதலில் பெற்ற ஊர்களில் ஒன்று. சரி, மூங்கில் வெட்டி விற்கலாம் என்று போனால், வனத்துறை நடைச்சீட்டு தர மறுத்தது. 1927 வனச் சட்டப்படி மூங்கில் ஒரு மரம், மரம் சிறு மகசூல் ஆகாது என்பது வாதம். தாவரவியல் படித்த நம் நண்பர்கள் சிரிப்பார்கள், மூங்கில் புல் குடும்பம். ஆனால் அந்தச் சட்டத்தின்படி அது மரம்தான், அதே சட்டத்தை வைத்துத்தான் காகித ஆலைகளுக்கு மூங்கில் காட்டை வருடக்கணக்கில் குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

2011 மார்ச்சில் அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மூங்கிலைச் சிறு வன மகசூலாகவே நடத்த வேண்டும் என்று முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 27 அன்று மேண்டா லேகாவுக்கே நேரில் வந்தார், மகாராஷ்டிர முதலமைச்சரும் வந்தார். நடைச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார்கள். அதுவரை வனத்துறை மட்டுமே எழுதிய சீட்டை அன்றிலிருந்து ஊர்ச் சபை எழுதியது. ஏலத்தையும் சபையே நடத்தி, விற்ற பணத்தைச் சபைக் கணக்கில் போட்டார்கள்.

1927 சட்டத்தில் மரம் என்பதன் விளக்கத்திலிருந்து மூங்கிலை எடுக்க 2017 நவம்பர் வரை ஆனது. அதுவும் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை விடுவிக்கும் நோக்கத்தில்தான். அதுவரை காட்டுக்குள் நின்ற மூங்கில், ஒரு சட்டத்துக்கு மரம், இன்னொரு சட்டத்துக்குச் சிறு மகசூல்.