பிறர்க்கான மன்றாட்டும் நிலமானிய சமுதாயமும்

பிறருக்காகச் செபித்தல் கிறித்தவத்தில் அன்பின் கடமையாகவே தோற்றம்பெற்றது. எனினும், சமுதாய உறவுகளிலிருந்து பிரித்து நோக்கின் அதன் வரலாறு புலப்படாது. பிற்பட்ட மத்தியகால இங்கிலாந்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கு உயிரோடிருப்போரின் மன்றாட்டு உதவுமென்பதை 1274ஆம் ஆண்டு லியோன் பொதுச்சங்கத்தில் வாசிக்கப்பட்ட விசுவாச அறிக்கை வலியுறுத்திற்று. நிலப்பிரபுக்களும் பெருவணிகரும் நிலங்களை மானியமாக எழுதிவைத்து, தம் ஆன்மாவுக்காக நாடோறும் பூசை செய்யக் குருமாரை அமர்த்தினர். 1438இல் நிறுவப்பெற்ற ஒக்ஸ்போட் ஓல் சோல்ஸ் கல்லூரியும் பிரான்சுடனான போரில் மாண்டோருக்காக மன்றாடும் கடமையுடனேயே தொடங்கிற்று. அத்துணை வசதியற்றோரோ சிறு சந்தா செலுத்திச் சகோதர சங்கங்களிற் கூடினர். இறந்த உறுப்பினருக்காக ஒன்றாக மன்றாடினர். பல சங்கங்கள் நலிந்தோருக்கு உதவி, அடக்கச் செலவையும் ஏற்றன. ஒரே நம்பிக்கை ஒருபால் உடைமையின் நீட்சியாகவும், மறுபால் எளியோரின் ஒருமைப்பாடாகவும் இயங்கியமை மனங்கொள்ளத்தக்கது.

1547ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வறக்கட்டளைகளை மூடநம்பிக்கையெனக் கண்டித்து, அவற்றின் சொத்துக்களை முடிக்குரியனவாக்கிற்று. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் விலக்குப் பெற்றன. எளியோரின் சமயச் சங்கங்கள் பெறவில்லை. கண்டனம் சீர்திருத்தத்தின் மொழியில் அமைந்தது. நிலமோ பெரிதும் வாங்கவல்லோர் கையைச் சேர்ந்தது. மன்றாட்டோடு அதனுள் மக்கள் பேணிய பரஸ்பர உதவியும் சிதைந்தது.

மதத்தை வெறும் மயக்கமெனத் தள்ளிவிடுதல் எளிது. அம்மயக்கத்தினுள் மக்கள் காத்துவந்த உறவு யாது, அதனை அழித்தோர் யாவர் என வினவுவதே வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தின் பணியெனக் கருதுகிறோம்.