தாமிரபரணிப் படுகையும் இடஞ்சார் பகுப்பாய்வின் கணிதமும்

புவியியல் தகவல் முறைமையில் தொலைவு, திசை, உயரம், அண்மை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துத் தரவுகளை ஆராய்வது இடஞ்சார் பகுப்பாய்வு. அளந்த சில இடங்களை வைத்து அளக்காத இடத்தின் மதிப்பைக் கணிப்பது அதன் முதன்மையான வேலைகளுள் ஒன்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடல் சேரும் தாமிரபரணியின் படுகை இந்தக் கணிதத்துக்கு நல்ல சோதனைக்களம்.

நெல்லை நகரின் மேற்கே உள்ள பேட்டையில் மழைமானி இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆல்ஃபிரட் தீசன் 1911இல் சொன்ன முறைப்படி, மிக அருகிலுள்ள மானியின் அளவே பேட்டைக்கும் உரியது. டொனால்ட் ஷெப்பர்ட் 1968இல் வெளியிட்ட முறை எல்லா மானிகளையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றின் செல்வாக்கும் குறையும். 10 கிலோமீட்டரில் ஒரு மானி 20 செ.மீ., 40 கிலோமீட்டரில் இன்னொன்று 54 செ.மீ. காட்டினால், அருகிலுள்ளதற்கு 16 பங்கு, தொலைவிலுள்ளதற்கு ஒரு பங்கு. விடை 22 செ.மீ.

கணக்கு சரிதான், ஆனால் அதற்கு மலை தெரியாது. மலைமேல் உள்ள மாஞ்சோலையும் நெல்லைச் சமவெளியும் ஒரே மாவட்டம். மழையில் ஒன்றுக்கொன்று ஒட்டாது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் தொடங்கிய வழியைப் பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் 1960களில் ‘கிரிகிங்’ என்னும் கோட்பாடாக வளர்த்தார். தொலைவு கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை இது தரவிலிருந்தே கற்கும்; உயரத்தையும் துணைத் தரவாகச் சேர்க்கலாம், பிழையின் அளவையும் கூடவே தரும். அதற்கும் எல்லை உண்டு. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மலைமேல் மாஞ்சோலையில் 55 செ.மீ., கடலோரக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. உயரம் கூடினால் மழை கூடும் என்ற பாடம் அன்று தலைகீழானது.

பெய்த மழை எங்கே ஓடும் என்பது அடுத்த கேள்வி. நிலத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் நீரையும் சுற்றியுள்ள எட்டில் மிகச் சரிவானதற்கு அனுப்பும் முறையை ஓ’கலாகனும் மார்க்கும் 1984இல் வெளியிட்டனர். இன்றும் பரவலாகப் புழங்கும் முறை இது. இதில் ஒரு சங்கடம்: நீர் வெளியேற வழியில்லாத பள்ளத்தைத் தரவுப் பிழை என்று கருதி, கணினி முதலில் நிரப்பிவிடும். நெல்லைச் சீமையில் அப்படிப்பட்ட பள்ளம் பெரும்பாலும் குளம்! சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் போன்ற ஒடுங்கிய வாய்க்கால்களும், 30 மீட்டர் அகலக் கட்டங்கள் கொண்ட இலவச உயரப் படங்களில் சரியாகப் பதிவதில்லை.

ஆகவே கால்வாய்க் கோடுகளை உயரப் படத்தில் வெட்டிப் பதித்து, கரைகளை உயர்த்தி, மடையும் கலிங்கும் இருக்கும் இடங்களைக் குறித்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். அந்த விவரங்களைக் களத்தில் இறங்கித்தான் திரட்ட முடியும். அவை இல்லாமல் வரைந்த வெள்ள வரைபடத்தை இப்படுகையில் நம்புவதற்கில்லை.