யாழ்ப்பாணக் குடாநாட்டின் சைக்கிள் தடங்கள்

இலங்கையின் வட முனையில், ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கும் சுண்ணக்கல் நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. கடல் மட்டத்திலிருந்து 15 மீற்றருக்கு மேல் உயர்ந்த இடம் இங்கே அரிது. மலைச் சைக்கிளோட்டம் 1970களில் கலிபோர்னியாவின் டமல்பைஸ் மலைச்சரிவுகளில் உருவெடுத்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்த விளையாட்டு. அதன் தடங்களைச் சரிவும் பாறையும் பார்த்துப் பச்சை, நீலம், கறுப்பு என்று தரம் பிரிப்பார்கள். அந்த அளவுகோல் குடாநாட்டுக்குப் பொருந்தாது. இங்கே ஒரு பாதை இலகுவா கடினமா என்பதைக் காற்றும் மணலும் வெயிலும் முள்ளுமே முடிவு செய்கின்றன. அகன்ற ரயர் பூட்டிய மலைச் சைக்கிளுக்கு இங்கே வேலை குறைவு என்று நினைப்பவர்கள் வடமராட்சி கிழக்கைப் பார்க்காதவர்கள்.

காற்று

வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். தீவுப் பக்கம் போகிறவர் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். சோளகக் காலத்தில் யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தில் இறங்கினால் எதிர்காற்று; இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரம் இல்லை. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். போகும்போது உழக்குவதே தெரியாது. களைத்துப்போன பின்தான் எதிர்காற்று காத்திருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் சோளகத்தில் போவதே நல்லது. வலு இருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடும். எந்தக் காலமானாலும் விடியற்காலையில் காற்றும் வெயிலும் தணிந்திருக்கும். சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் பிறகு வெளியில் ஓட்டுவது உடம்புக்கு ஆகாது.

வலிகாமத்து ஒழுங்கைகள்

சைக்கிள் பழகியவர் எவரும், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, போகக்கூடிய வழிகள் வலிகாமத்தில் உள்ளன. கொக்குவில், இணுவில், கந்தரோடை, அளவெட்டி, மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலைக் கேணி வரை பெரிய வீதியைத் தவிர்த்து ஒழுங்கைகளாலேயே பெரும்பகுதி தூரத்தைக் கடக்கலாம். ஒரு வழிக்கு 20 கிலோமீற்றர் அளவில் வரும். இரு கரையிலும் வேலி, அதற்கு அப்பால் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், புகையிலை, வாழை. வேலியும் பனையும் காற்றைத் தடுக்கின்றன. மழைக்குப் பிறகு செம்மண் ரயரில் அப்பி மட்காட்டுக்குள் இறுகும் என்பது ஒன்றே தொல்லை. கந்தரோடையின் சிறு தூபிகளும், புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறும் இந்தச் சுற்றில் சேர்க்கத்தக்கவை.

தென்மராட்சியும் இதே தரத்தது. கொடிகாமம், வரணிப் பக்கத்து வழிகள் தென்னை, மா, பலா நிழலில் போவதால் வெயில் காலத்துக்கு உகந்தவை.

தீவகம்

பண்ணையிலிருந்து மண்கும்பான், வேலணை, அங்கிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவு, முடிவில் குறிகட்டுவான் இறங்குதுறை என்று ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வீதி தட்டையானது, வழி தவறவும் இடமில்லை. ஆனாலும் காற்றின் காரணமாக இதை நடுத்தரத் தடமாகவே கொள்ள வேண்டும். பொன்னாலையிலிருந்து தாம்போதி வழியே காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போவது இதன் சிறிய வடிவம். முதலில் அதை ஓடிப் பார்த்துவிட்டுக் குறிகட்டுவானுக்குப் புறப்படலாம்.

குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் நெடுந்தீவு. பவளக்கல் அடுக்கிய மதில்களுக்கு இடையில் ஓடும் பாதைகள், கட்டாக்காலிக் குதிரைகள் மேயும் வெளி, பெருக்க மரம், ஒல்லாந்தர் கோட்டை என்று அங்குள்ளவை சைக்கிளின் வேகத்துக்கே பொருந்துகின்றன. படகில் சைக்கிளை ஏற்ற முடியுமா என்று முதலே கேட்டுவைக்க வேண்டும். போதிய குடிநீரும் கையில் இருக்க வேண்டும்.

வடமராட்சி கிழக்கு

குடாநாட்டில் மலைச் சைக்கிளுக்கு உண்மையான சோதனை இங்கேதான். பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயில், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வழியாகச் சுண்டிக்குளம் வரை 50 கிலோமீற்றருக்கு மேல். வீதியாலேயே போனால் நெடுந்தூரப் பயிற்சி. மணற்காட்டில் வீதியை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்புக்கும் மணல் மேடுகளுக்கும் இடையிலான தடங்களில் ஏறினால் கதை வேறு.

உலர்ந்த மணலில் முன் சில்லு முதலில் ஒரு பக்கம் இழுக்கும். அதைத் திருத்த ஹாண்டிலை வெட்டினால் சில்லு புதைந்து ஆள் விழுவது உறுதி. ரயரில் காற்றை வழக்கத்தை விடக் குறைத்து, இலகுவான கியரில், சீற்றில் சற்றுப் பின்தள்ளி இருந்து, நிறுத்தாமல் ஒரே சீராக உழக்க வேண்டும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், சைக்கிள் தன் வழியைத் தேட விட வேண்டும். அலை நனைத்துப் போன கரையோர மணல் கெட்டியானது, அதில் மெல்லிய ரயரும் ஓடும். ஆனால் உப்புநீர் செயினையும் பெயரிங்கையும் தின்றுவிடும். வீடு சேர்ந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். நெருஞ்சி முள்ளுக்கு மேலதிக ரியூப் இரண்டு, கைப்பம்ப், ஒட்டுப் போடும் சாமான்கள் இல்லாமல் இந்தப் பக்கம் வரக்கூடாது.

தடத்தின் முடிவில் உள்ள சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில் கடனீரேரி ஓரத்தில் சத்தமின்றிப் போவது ஓட்டுநரின் கடமை.

சைக்கிளும் ஊரும்

இந்த வழிகளை உல்லாசப் பயணிகள் கண்டுபிடிக்கவில்லை. உள்நாட்டுப் போரில் 1990 முதல் எரிபொருள் தடையும் மின்வெட்டும் நீடித்த ஆண்டுகளில் குடாநாட்டின் போக்குவரத்தைப் பெருமளவு சுமந்தது சைக்கிள். நோயாளி, விறகு, நெல் மூட்டை எல்லாம் கரியரிலும் பாரிலும் போயின. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்ட சனம் வீட்டில் எஞ்சியதைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. குடாநாட்டின் எந்தத் தடத்தைப் பற்றி எழுதினாலும் இந்த வரலாற்றை விட்டுவிட்டு எழுதுவது நியாயமில்லை.

எச்சரிக்கை

கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வரிசையில் பல ஆண்டுகள் போர் முன்னரங்கு இருந்தது. அங்கே கண்ணிவெடிகள் செறிந்து புதைக்கப்பட்டன. ஹாலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002 முதல் அகற்றி வந்தாலும், இப்பகுதியில் ஊர்ச்சனம் புழங்காத எந்தத் தடத்திலும் சில்லை வைக்கக்கூடாது. மண்டையோட்டுக் குறி இட்ட பலகை கண்ணில் படாததால் நிலம் பாதுகாப்பானது என்று எண்ணவும் கூடாது. வலிகாமம் வடக்கில் பலாலியைச் சூழப் படையினர் வசமுள்ள காணிகளின் எல்லையையும் அயலவரிடம் கேட்டறிந்தே போக வேண்டும்.

மணற்காட்டு மேடுகளைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். மணல் அகழ்வால் ஏற்கெனவே காயப்பட்ட மேடுகள் அவை. அங்கே ஓட்டுகிறவர்கள் கொடி படர்ந்த சரிவை விட்டு, ஆட்கள் நடந்து பதிந்த தடத்திலேயே போக வேண்டும். தடம் இல்லாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.